உங்களுக்கு வந்த கடிதத்தை நான் உடைத்தேன், மச்சாள்

என் அன்பான கலீனா மச்சாள்,

நீங்கள் போய் இன்றோடு இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம். முகப்புப் படத்தை உங்கள் மகள் ஆன்தான் தெரிவு செய்தாள். வேலை உடுப்போடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, யாரையோ பார்த்துச் சிரிக்கிறீர்கள். உங்கள் புருசன் யூட் அண்ணை, நீங்கள் சேலை கட்டிய படத்தைப் போடலாம் என்றார். “அது கலியாண வீட்டுக்குப் போற அம்மா. இதுதான் எங்கட அம்மா” என்று அவள் மறுத்துவிட்டாள்.

என்னை எழுதச் சொன்னதும் அவள்தான். உங்கள் அடக்கத்தன்று கோயில் வாசலில் ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம் பிலோ, அவவின்ர பக்கத்தில ஒருத்தருமே இல்லையாம் என்ன? அநாதைப் பிள்ளை போல” என்றா. அவ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஆன் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். காருக்குள் ஏறியதும் சொன்னாள்: “மாமி, அம்மாவுக்கு ஆக்கள் இருந்தவை. அதை எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ.”

எல்லாவற்றையும் எழுதுவதென்றால் என் குற்றத்தையும் எழுத வேண்டும். எழுதுகிறேன். உங்கள் தகப்பனின் பெயரையும் அந்த இடத்தின் பெயரையும் மட்டும் விட்டுவிடுகிறேன். நீங்கள் உங்கள் வாயால் சொல்லாத பெயர்களை நான் எப்படி அச்சில் போடுவேன்?

ரஷ்யாவுக்குள்ளேயே தனிக் கொடியும் தனி ஜனாதிபதியும் கொண்ட சிறு குடியரசுகள் உண்டு என்று எனக்கு உங்களால்தான் தெரியும். அப்படி ஒன்றில் யூட் அண்ணை பொறியியல் படிக்கப் போனார். நீங்கள் அங்கே மருத்துவ மாணவி. உங்கள் தகப்பன் அப்போது ஒரு தொழிற்சாலையின் தலைவர். நீங்கள் இரண்டு பேரும் பதிவுத் திருமணத்துக்கு நாள் எடுத்த வருடம்தான் அவர் அந்தக் குடியரசின் ஜனாதிபதியானார். மன்னாரிலிருந்து வந்த ஒரு கறுத்தப் பெடியன் அந்த வீட்டுக்கு மருமகனாவது எப்படி? “போனால் எனக்குப் பிள்ளை இல்லை” என்றாராம். அவருக்கு இருந்ததோ நீங்கள் ஒருவர்தான். படிப்பை முடிக்காமலே லண்டனுக்கு வந்தீர்கள்.

எங்கள் அம்மாவுக்கு கலீனா என்று சொல்ல வராமல் உங்களைக் கலா ஆக்கினா. டாக்டராக வேண்டிய நீங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போனீர்கள். எங்கள் கோயில் பங்கு மக்களில் பாதிப் பேர் உங்கள் கையால் ஊசி குத்துப்பட்டவர்கள். “கலாவிட்டப் போனால் நோகாது” என்று கேட்டு வருவார்கள். அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா, நீங்கள் யாருடைய மகள் என்று?

எனக்குத் தெரிந்ததற்குக் காரணம் உங்கள் அம்மா ஸோயா. மகளோடு பேச அவவுக்கு அனுமதி இல்லை. வீட்டுத் தொலைபேசியைக் காவலுக்கு நிற்பவர்களும் கேட்பார்கள். அதனால் பக்கத்து வீட்டுப் பெண் மூலம் கடிதம் அனுப்பினா. உங்கள் விலாசத்துக்கு எழுதப் பயந்து, இல்ஃபோர்ட்டில் இருக்கும் என் விலாசத்துக்கு எழுதினா. பதினைந்து வருடத்துக்கு மேல் அந்தக் கடிதங்கள் என் கதவுக்குள் விழுந்தன. சனிக்கிழமைகளில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஸ்ட்ரெதம் வீட்டிலிருந்து வருவீர்கள். நான் தேத்தண்ணி போட, நீங்கள் குசினி மேசையில் இருந்து வாசிப்பீர்கள். சிரிப்பு வந்தால் எனக்கும் சொல்வீர்கள். “அம்மா தோட்டத்தில தக்காளி போட்டவவாம். அப்பா ஒண்டையும் சாப்பிடேல்லையாம், பச்சையா இருக்காம்.” தகப்பனைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் இப்படித் தக்காளியோடு வந்ததுதான்.

பிறகு ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு கடிதம் வந்தது. விலாசம் அம்மாவின் கையெழுத்தில் இல்லை. பெரிய, நிமிர்ந்த எழுத்து. நீங்கள் உறையைப் பார்த்ததும் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டீர்கள்.

“இது அவரின்ர எழுத்து. திருப்பி அனுப்புங்கோ.”

“ஒருக்கா உடைச்சுப் பாருங்கோவன், மச்சாள்.”

“ஏலாது. அம்மாவின்ர ரகசியத்தைக் கண்டுபிடிச்சிட்டார். திட்டித்தான் எழுதியிருப்பார். எனக்கு வேண்டாம்.”

அன்று பின்னேரம் உங்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, நான் அதைத் தபால் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒரு கிழமை அலுமாரியில் வைத்திருந்தேன். தகப்பன் மகளுக்கு எழுதியதைத் திருப்புவது பாவம் என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டேன். பிறகு உடைத்தேன். கைத்தொலைபேசியால் வரிவரியாகப் படம் எடுத்து மொழிபெயர்த்து வாசித்தேன்.

அதில் திட்டு ஒன்றும் இருக்கவில்லை. “உன் அம்மா போய்விட்டாள். தூக்கத்தில் போனாள். அவளுடைய தையல் பெட்டியில் உன் கடிதங்களைக் கண்டேன். எல்லாவற்றையும் வாசித்தேன். நான் பதவியை விட்டு மூன்று வருடமாகிறது, இப்போது என்னிடம் யாரும் வருவதில்லை. உன்னிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை இல்லை. பிள்ளையின் படம் ஒன்று அனுப்புவாயா?” அடியில் ஒரு தொலைபேசி இலக்கமும், அம்மா இறந்த நாளும்.

நான் செய்ததைக் கேளுங்கள். ஆன் பள்ளிக்கூடச் சீருடையில் நிற்கும் படம் ஒன்றை அந்த இலக்கத்துக்கு அனுப்பினேன். உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கடிதத்தை உடைத்ததையும் சொல்ல வேண்டுமே. அடுத்த சனிக்கிழமை நீங்கள் வந்து, “அம்மாவின்ரது ஒண்டும் வரேல்லையோ?” என்று கேட்டீர்கள். “தபால் பிந்துது போல” என்றேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் கேட்டீர்கள். அதற்கடுத்த கிழமை, அம்மாவுக்குப் பிறந்தநாள் வருகிறது என்று கம்பளிக் கழுத்துத்துணி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினீர்கள். நிறம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டீர்கள். நான் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

இன்னும் ஒரு கிழமை தாங்கினேன். பிறகு ஏலவில்லை. உங்களுக்கு முன்னால் கடிதத்தை வைத்துவிட்டு அழுதேன். நீங்கள் அழவில்லை. நின்றபடியே வாசித்தீர்கள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்.

“இண்டைக்கு எத்தனையாம் நாள்?”

நான் எண்ணி வைத்திருந்தேன். “அம்பத்தி நாலு.”

“எங்கட முறையில நாப்பதாம் நாள்வரைக்கும் ஆன்மா வீட்டைச் சுத்தி நிக்கும். நாப்பதாம் நாள் நாங்கள் அனுப்பி வைக்க வேணும். நான் அண்டைக்கு என்ன செய்தனான் எண்டு தெரியுமோ? உங்கட வீட்டில இருந்து ரோல்ஸ் சாப்பிட்டனான்.”

முன்னறையில் இருந்த ஆனின் கையைப் பிடித்துக்கொண்டு போனீர்கள். ஒன்றரை வருடம் என் வீட்டுக்கு வரவில்லை. யூட் அண்ணையிடமும் நீங்கள் காரணம் சொல்லவில்லை. “உங்களுக்குள்ள என்ன?” என்று அவர் என்னைக் கேட்டார். எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு டாக்டர் எனக்குச் சீனி பார்க்க ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். வேறு இடத்துக்கும் போயிருக்கலாம். தெரிந்துதான் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என் இலக்கம் விழுந்தபோது திரைக்குப் பின்னால் நீங்கள் இருந்தீர்கள். முகத்தைப் பார்க்காமல் படிவத்தில் என் பெயரைச் சரிபார்த்தீர்கள். கையை நீட்டச் சொன்னீர்கள். நோகவே இல்லை, மச்சாள். நோக வேண்டும் என்று நான் நினைத்தேன். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தீர்கள், பிடித்த கையை வழக்கத்தைவிடக் கூடக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தீர்கள்.

“சாப்பிடேல்லைத்தானே?”

“இல்லை, வெறும் வயித்தில வரச் சொன்னவை.”

“பத்தரைக்கு எனக்கு பிரேக். கன்டீனில இருங்கோ, வாறன்.”

அன்று முட்டை சாண்ட்விச் ஒன்றை இரண்டாகப் பிய்த்துச் சாப்பிட்டோம். மன்னித்தேன் என்று நீங்கள் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுவருடத்துக்கும் உங்கள் தகப்பனிடமிருந்து எனக்கு ஒரு வரி வரும். உங்களுக்குக் காட்டுவேன். “நல்லா இருக்கினம் எண்டு போடுங்கோ, வேற ஒண்டும் வேண்டாம்” என்பீர்கள். அதைத்தான் போடுவேன். போன தை மாதமும் அப்படித்தான் போட்டேன். கணையத்தில் புற்றுநோய் இருந்தது அப்போதே உங்களுக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத் தெரியாது.

கடைசிக் கிழமை, யூட் அண்ணை உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போயிருந்த மத்தியானம், என்னைக் கிட்ட வரச் சொன்னீர்கள். குரல் நூலாகியிருந்தது. தகப்பனைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

“அவருக்குச் சொல்லாதேங்கோ, பிலோ. அவர் அழுதால் எனக்குப் பாவமாப் போகும். இப்ப அதுக்கு எனக்குத் தெம்பில்லை.”

“சரி மச்சாள். சொல்லமாட்டன்.”

உங்கள் உயிர் இருக்கும்வரை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லாதேங்கோவுக்கு முடிவு எந்த நாள் என்று நீங்கள் சொல்லவில்லையே. அடக்கம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஆன் என்னைக் கேட்டாள்.

“மாமி, அவருக்குத் தெரியுமோ?”

“இல்லைப் பிள்ளை.”

“அம்மா சொல்ல வேண்டாம் எண்டவவோ?”

“ஓம். ஏன் எண்டும் சொன்னவ.”

நீங்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடிதத்தை உடைத்த கதையையும் அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். உங்கள் வீட்டு யன்னலுக்கு வெளியே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. பிறகு இலக்கத்தைத் தரச் சொன்னாள். “அம்மாவுக்கு இப்ப தெம்பு தேவையில்லை, மாமி” என்றாள்.

வீடியோ அழைப்பு எடுத்தோம். உங்கள் தகப்பன் தன் சமையலறையில் இருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன மனுசன். நரைத்த கம்பளிச் சட்டையின் பொத்தானைப் பிழையாகப் பூட்டியிருந்தார். ஆன் நீங்கள் பழக்கிய ரஷ்ய மொழியில் பேசினாள். ரஷ்ய மொழியில் தாயை மாமா என்பார்கள். எனக்கு விளங்கியது அந்த ஒரு சொல்தான். அதைக் கேட்டதும் அவர் கையிலிருந்த மூக்குக்கண்ணாடியை மேசையில் வைக்கப் போய், மேசை இல்லாத இடத்தில் வைத்தார். அது விழுந்தது. அவர் குனியவில்லை.

என்ன பேசினார்கள் என்று ஆன் பிறகு சொன்னாள். எந்த நாள் என்று கேட்டாராம். “என்னைப் பற்றி ஏதும் சொன்னாளா?” என்று கேட்டாராம். ஆன் பொய் சொல்லவில்லை. “இல்லை, தாத்தா” என்றாளாம்.

அந்த நேரம்தான் யூட் அண்ணை வந்தார். இத்தனை வருடத்தில் மாமனோடு ஒரு வார்த்தை பேசாத மனுசன். மகளுக்குப் பக்கத்தில் இருந்து, தடுமாறித் தடுமாறிப் படிக்கிற காலத்து ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். அந்தக் கிழவர் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். ஆன் தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு குசினியில் நான் கேட்டேன், “என்ன சொன்னனீங்கள் அண்ணை?”

“கடைசியில அவளுக்கு வலி இருக்கேல்லை எண்டு சொன்னன்.”

நாங்கள் மூன்று பேரும் உங்கள் கட்டிலடியில் நின்றவர்கள், மச்சாள். வலி எப்படி இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். அண்ணை கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தார். அவர் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன், அடக்கத்தன்றுகூட அழவில்லை.

போன ஞாயிறு உங்கள் தகப்பனே அழைப்பு எடுத்தார். கல்லறைக் கல்லில் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். அவர்கள் வழக்கத்தில் ஒருவரின் பெயரோடு தகப்பனின் பெயர் சேர்ந்து வரும். நமக்கும் அப்படித்தானே, தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும். நீங்கள் லண்டனுக்கு வந்து முதல் படிவம் நிரப்பிய நாளே அதை விட்டுவிட்டீர்கள். அதைத் திரும்பப் போடுவீர்களா என்று கேட்டார். கட்டளை போல் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மனம் இளகிவிட்டது. போடலாம் பிள்ளை, வயது போன மனுசன் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். ஆன் தகப்பனைப் பார்த்தாள். “நீயே சொல்லு” என்றார் அண்ணை.

அவள் மெதுவாகச் சொன்னாள். அம்மா தானாக விட்ட பெயரைத் தான் எடுத்து ஒட்ட மாட்டாளாம். ஆனால் பாட்டியின் பெயரை அம்மா ஒருநாளும் விடவில்லையாம். அதைப் போடலாமா என்று அவரையே கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

“அவள் என்னைவிட நல்லவள்” என்றாராம். “அவளுடையதையே போடுங்கள்.”

எழுத்துகளைக் கொடுத்துவிட்டோம். கல் நிறுத்தக் கனமாதம் செல்லுமாம். ‘கலீனா. ஸோயாவின் மகள். யூட்டின் மனைவி. ஆனின் அம்மா.’ ரஷ்ய எழுத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. இனி உங்களை அநாதை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆன் அவரோடு தொடர்ந்து பேசுவாளா, ஒருநாள் போய்ப் பார்ப்பாளா, அல்லது இந்தக் கோடையோடு விட்டுவிடுவாளா, எனக்குத் தெரியாது. அவளை அந்தப் பக்கம் தள்ளவும் மாட்டேன், இந்தப் பக்கம் இழுக்கவும் மாட்டேன். அவள் அழைக்கும்போது பக்கத்தில் இருப்பேன்; தனியாகப் பேச வேண்டும் என்றால் எழும்பிப் போவேன். நான் உயிரோடு இருக்கும்வரை இதை இப்படியே செய்வேன், மச்சாள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத் துணியாமல் உங்களோடு பாதி சாண்ட்விச் சாப்பிட்ட,
உங்கள் புருசனின் தங்கை, உங்கள் மகளின் மாமி,
பிலோமினா