மாதாவின் கன்னத்து நிறம்

என் அன்புத் தம்பி சவரிக்கு,

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். இருந்தும் சண்டைக்குப் பிறகு உனக்கு நான் ஒரு சொல்கூட அனுப்பவில்லை. இப்போது எழுதுகிறேன். ஊரார் படிக்கட்டும், அவர்களுக்குத் தெரியாத சண்டையா?

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப் போகிறது, உன் வருஷப் பூசை நெருங்குகிறது. வேலியோர முருங்கை காற்றில் விழுந்துவிட்டது. கரும்பு வெட்டு முடிந்தது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தும் பார்த்தேன்.

போன வாரம் உன் பெண்சாதி தெரேசம்மாள் வந்து, உங்கள் கலியாணப் போட்டோவைக் கையில் கொடுத்தாள். பூசைக்குள் உன் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் எழுதித் தர வேண்டுமாம். பிள்ளைக்கு அப்பன் முகம் மறந்துகொண்டு வருகிறதாம். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

பங்குச் சாமியார் நம் இருவருக்கும் காட்டிக்கொடுத்த முறைதான். முதலில் முகம் முழுவதும் சாம்பல் வண்ணத்தில். அது காய்ந்த பிறகு மேலே மெல்லிய நிறப் பூச்சு. சாம்பலில் நீ அப்படியே வந்துவிட்டாய். நிறத்தில்தான் நின்றுபோனேன். போட்டோவில் நிறம் இல்லை. எனக்கும் நினைவில்லை. வேலிக்கு அப்பால் நீ நடமாடியபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்கு எப்படி நினைவிருக்கும்?

அந்த இத்தாலிய மாதா படத்தை நாம் பார்த்து எழுதியது ஞாபகம் இருக்கிறதா? பல நூறு வருஷத்துக்கு முந்தைய பெரிய ஓவியனின் படம். சாமியாரிடம் இருந்ததோ வெறும் கறுப்பு மை அச்சு. கோடுகளை ஒன்றாகப் பழகினோம். நிறத்தை அவரவர் ஊகித்தோம். நான் பிரெஞ்சுப் புத்தகங்களைப் புரட்டிப் படித்துவிட்டு, கன்னத்தை ரோஜாவும் வெள்ளையுமாகப் போட்டேன். நீ பின்னால் வந்து நின்று, "இன்னாண்ணே, மாதாவைத் தொரசாணி ஆக்கிட்ட?" என்றாய்.

உன் மாதா மாநிறம். அவள் நம் ஊர்ப் பக்கத்து வில்லியனூர்க்காரி இல்லை என்று எரிந்து விழுந்தேன்.

"கைப்புள்ளையோட எகிப்துக்கு வெயில்ல நடந்து போனவதானே" என்றாய்.

திருவிழாவுக்குக் கோயிலில் ஏறியது உன் படம். என்னுடையது இன்றுவரை சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அன்றிலிருந்து உன் வீட்டில் நான் கை நனைக்கவில்லை. பார்த்து எழுதுகிறவன் தன் இஷ்டத்துக்கு மாதாவின் ஊரை மாற்றக்கூடாது. நீ செய்தது தப்பு. இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

உன் நிறத்தைத் தெரேசம்மாளிடமே கேட்டேன். "உங்க நிறந்தான் மாமா. கண்ணாடியப் பாத்துப் போடுங்க" என்றாள். பார்த்துத்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வெள்ளைத் துரைதான் வந்தான். என் கைக்கு வேறு கலவை பழகவில்லை.

நேற்றுப் பகலில் வண்ணப் பலகையோடு கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை. உன் மாதாவின் கன்னத்தைப் பார்த்துப் பார்த்து, காவியும் மஞ்சளும் கொஞ்சம் வெள்ளையுமாகக் கலந்தேன். சரியாக வந்ததா என்று வண்ணக் கத்தி நுனியில் எடுத்து என் முன்கையில் தடவினேன். தடவிய இடம் தோலிலிருந்து பிரிந்து தெரியவில்லை.

யாரைப் பார்த்துக் கலந்தாய், சவரி? நான் எழுதும்போதெல்லாம் என் பின்னாலேயே வந்து நின்றாயே. கேலி பேசத்தான் நிற்கிறாய் என்று இருந்துவிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதும் அழுகை வரவில்லை. கையைத் துடைக்கவும் தோன்றவில்லை.

பூசைக்குள் முடித்துக் கொடுத்துவிடுவேன். கலவை உன்னுடையது, அதில் கை வைக்கமாட்டேன். நிறம் எங்கே கிடைத்தது என்று பிள்ளை கேட்டால், கோயிலுக்குக் கூட்டிப்போய்க் காட்டுவேன். நீ போட்ட மாதாவின் இடது கை விரல்கள் கோணல் என்பதையும் சேர்த்தே காட்டுவேன்.

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும் உன் அண்ணன்,
அருளப்பன்