கல்லனின் நெளிகோடு

ஜூன் 4

என் ராசா தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "இருக்கேன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். ஊருக்கெல்லாம் பக்கம் பக்கமாக வசனம் எழுதுகிறவனுக்குக் கூடப்பிறந்தவளுக்கு எழுத மட்டும் மை வற்றிவிடுகிறது.

'ஐவர் படை' படக்கதையின் இருபத்துநாலு பக்கத்துக்கும் பேச்சுப் பலூன்களில் எழுத்துப் போட்டு முடித்து, நேராக அச்சகத்துக்கே அனுப்பிவிட்டேன். உனக்கு அனுப்பி, நீ பார்த்து, திருப்பி அனுப்பி என்றால் தேதி தாண்டிவிடும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் நீ எழுதிக்கொடுத்ததில் ஒரு புள்ளிகூட விடவில்லை. உன் கையெழுத்தைப் படித்தே எனக்குப் பாதிக் கண் போயிற்று.

ஏன்டா, கல்லனை இப்படிப் பண்ணிவிட்டாய்? பத்து வருஷமாக எல்லா அடியையும் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, மற்ற நாலு பேர்மேல் ஒரு கீறல் விழாமல் காத்தவன், கோட்டைக் கதவைத் திறந்து எதிரி சாவிக்காரனை உள்ளே விடுகிறான். கேட்டால், "நானாகத்தான் திறந்தேன்" என்கிறான். மின்னி அழுகிற கட்டத்தில் நானும் அழுதேன். ஒரு சொட்டு விழுந்து ஓசையனின் மூக்கு கரைந்துவிட்டது. வெள்ளை மை வைத்துச் சரிபண்ணிவிட்டேன், பயப்படாதே. முன்னைக்கு இப்போது அவன் மூக்கு தேவலை.

புதுப் படக்காரர் நன்றாகத்தான் போடுகிறார். கல்லனின் கை மட்டும் பஞ்சு அடைத்த உறை மாதிரி இருக்கிறது.

உன் அத்தான் எதிர்க் கம்பெனியில் குழந்தைகளின் எழுத்துப் புத்தகத்துக்கு முயல் போடுகிறார். முயலுக்கும் கல்லனின் முகவெட்டே வருகிறதாம். அவரைப் பற்றி நீ கேட்க மாட்டாய். அதனால் நானாகச் சொல்கிறேன்.

உன் வாயாடி அக்கா

ஜூலை 2

அக்காவுக்கு,

புத்தகம் கைக்கு வந்தது. பதினெட்டாம் பக்கம் பார். கல்லன் கதவைத் திறக்கும் இடத்தில் அவனுடைய மூன்று பலூனுக்கும் நெளிகோடு போட்டிருக்கிறாய்.

நெளிகோடு என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாம் சேர்ந்து வைத்த விதி அது. ஒருவன் மூளைக்குள் சாவிக்காரன் சாவியைத் திருகிவிட்டால், அப்புறம் அந்த ஆள் பேசுவது அவன் பேச்சில்லை. அதனால் பலூனின் ஓரம் நெளியும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். அதற்குள் படித்த பிள்ளைகளிடமிருந்து ஒரு கட்டுக் கடிதம் வந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே பாட்டு: "கல்லன் துரோகி இல்லை, சாவி திருகியிருக்கிறார்கள், நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்!"

என் கதையில் சாவி இல்லை. கல்லன் தெளிந்த புத்தியோடு காட்டிக்கொடுத்தான். கை தவறிவிட்டதா?

தம்பி

ஜூலை 8

கோபக்காரத் துரைக்கு,

கை தவறியது என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் பார்த்தேன். மூன்று பலூனுக்குமா தவறும் என்று நீ திருப்பிக் கேட்பாய். வேண்டுமென்றேதான் போட்டேன்.

முதல் புத்தகத்துக்குக் கல்லனை வரைந்தது யார்? உன் அத்தான். அலமாரிக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி, தன்னையே பார்த்து வரைந்தார். "என்ன, பொண்ணு பார்க்க வர்றாங்களா?" என்று நான் கேலி செய்தது உனக்கும் ஞாபகம் இருக்கும். அந்த முகத்தைத் துரோகி என்று நீ எழுதுவாய், அதை என் கையாலேயே நான் எழுத வேண்டுமா? பேனா தானாக நெளிந்துவிட்டது.

கதைதானே தம்பி. பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். சாவி திருகியதாகவே வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும்?

கெஞ்சும் அக்கா
(நான் கெஞ்சினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரி.)

ஜூலை 15

அக்காவுக்கு,

சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், எட்டுப் பக்கம் பாக்கி இருக்கும்போது உன் வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போனார். மறுநாள் எதிர்க் கம்பெனி வாசலில் அவரைப் பார்த்தேன். "நானாகத்தான் வந்தேன்" என்றார். அந்த மாதம் ஐவர் படை வரவேயில்லை. பத்து வருஷத்தில் அது ஒன்றுதான் வராத மாதம். நான் வேலையை இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டு வந்ததே அந்தத் தெருவில் அவரைப் பார்க்கக் கூடாது என்றுதான்.

அவர் மூளையை யாரும் திருகவில்லை அக்கா. திருகியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த புத்தகத்தில் ஒரு அறிவிப்பு வரும்: "சென்ற பாகத்தில் கல்லனின் பேச்சுக்கு நெளிகோடு பிழையாக இடப்பட்டது." அதை நீயே எழுதி அனுப்பு. அதற்கடுத்த பாகம் கடைசி. நாலு பேரும் கல்லனைத் துண்டு துண்டாக உடைத்துக் கடலில் போடுகிறார்கள். அதோடு அந்தக் கணக்கு எனக்குத் தீர்ந்தது.

தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

அறிவிப்பை எழுதவில்லை. நாலு தாள் எடுத்தேன். நாலும் காலியாகவே கிடக்கிறது. பிழை இல்லாததைப் பிழை என்று எப்படி எழுதுவது?

இதைக் கேலி இல்லாமல் எழுதப் பார்க்கிறேன். பழக்கமில்லை, பொறுத்துக்கொள்.

சாவியைத் திருகியது நான்.

அவர் கடைசியாக வரைந்த புத்தகத்தில் கல்லனின் கண்ணில் கோபம் போதவில்லை என்று ஒரே பக்கத்தைப் பதினாலு தடவை போடச் சொன்னாய். ஒவ்வொரு தடவையும் அவர் கண் முன்னாலேயே கிழித்தாய். நீ நல்லதுக்குத்தான் செய்தாய், தெரியும். ஆனால் நீ மேசையைப் பார்த்தாய், நான் அவர் கையைப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்தால் கரண்டி தட்டில் தட்டிக்கொண்டே இருக்கும். "வேலையை விட்டுடுங்க" என்றேன். "தம்பி தனியா என்னடி பண்ணுவான்? முடியட்டும்" என்றார். மூன்று நாள் அவரைப் படுத்தி எடுத்தேன். எதிர்க் கம்பெனிக்கு ஆள் விட்டு வேலை கேட்டதும் நான்தான். "நாளைக்கு நீங்க அங்க போகலேன்னா, நான் ஐவர் படைக்கு இனிமே பேனாவைத் தொட மாட்டேன்" என்றேன். போனார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பி கேட்டா நீங்களா போனதா சொல்லுங்க. அவன் உங்ககிட்டப் பேசாம இருந்தா நீங்க தாங்கிப்பீங்க. என்கிட்டப் பேசாம இருந்தா நான் தாங்க மாட்டேன்" என்றும் சொல்லிக்கொடுத்தேன். அவர் உன்னிடம் சொன்ன அந்த ஒரு வரி நான் எழுதிக் கொடுத்த வசனம். இரண்டு வருஷமாக அவரும் அதை மாற்றவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. உன்னோடு கடிதத்தில் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

உடைக்க வேண்டும் என்றால் ஆளை மாற்றி உடை.

அக்கா

ஆகஸ்ட் 5

தம்பிக்கு,

பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். எங்கே நிறுத்திக் கேட்டுவிடுவேனோ என்று பயம்.

திட்டியாவது எழுது. நீ திட்டினால் எழுத்துப் பிழை வரும். அதைத் திருத்திக்கொண்டாவது இருப்பேன்.

அக்கா

ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பல நாள் நான் பேனா எடுக்கவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது. அது தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். இரண்டு வருஷம் தப்பே செய்யாத ஆளை வெறுக்க விட்டுவிட்டாய்.

ஆனால் நீ எழுதியதில் ஒரு பிழை. பதினாலு தடவை இல்லை, பதினாறு. எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் கை நடுங்கியது மட்டும் தெரியாது. ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அறிவிப்பை எடுத்துவிட்டேன். கடைசிப் பாகத்தை மாற்றி எழுதி, படமும் வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன். கல்லனை உடைக்கச் சம்மட்டியைத் தூக்குகிறார்கள். சாவிக்காரனே சிரிக்கிறான்: "நான் இவனைத் திருகவில்லை!" அப்போது மின்னி முன்னால் வருகிறாள். "திருகியது நான். உங்களுக்காக அடி வாங்கி வாங்கி இவன் உடம்பு முழுக்க விரிசல். உங்களில் யார் பார்த்தீர்கள்? கதவைத் திறந்துவிட்டு ஓடிப்போ என்று நான்தான் அனுப்பினேன்" என்கிறாள். சம்மட்டி கீழே விழுகிறது.

கடைசிக் கட்டம் கல்லன் மட்டும். அவனுக்கு ஒரு பலூன், நேர்கோடு. உள்ளே என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவனுக்கு வசனம் எழுதியது நான், அவனை வரைந்தவருக்கு வசனம் எழுதிக் கொடுத்தது நீ. இந்தத் தடவை அத்தானிடம் கேட்டு எழுது.

தம்பி

ஆகஸ்ட் 19

என் தம்பிக்கு,

உன் கடிதத்தில் 'அத்தான்' என்று எழுதியிருந்த இடத்தை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "கையெழுத்து இன்னும் மோசமாத்தான் இருக்கு" என்றார்.

கடைசிப் பக்கத்தை மேசையில் வைத்து, "கல்லன் என்ன சொல்றான், சொல்லுங்க. எழுதணும்" என்றேன். அவர் பலூனைப் பார்க்கவேயில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "கல்லனோட இடது கை இப்படி மடங்காதே" என்றார். "அதை விடுங்க, வசனம் என்ன?" என்றேன். "அந்த வெள்ளையை எடு" என்றார்.

பஞ்சுக் கையை அழித்துவிட்டுப் புதுக் கை போட்டிருக்கிறார். விரல்களை விரித்து, உள்ளங்கை மேலே தெரிகிற மாதிரி. போடும்போது நடுங்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். புதுப் படக்காரர் வருத்தப்பட்டால் நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வசனம் கேட்டதற்கு அவர் தந்தது அந்தக் கைதான், அதனால் பலூனைக் காலியாகவே விட்டிருக்கிறேன். ஓரம் நேர்கோடுதான். அச்சகத்துக்கு அனுப்பவில்லை, முதலில் உனக்கே அனுப்புகிறேன். கையைப் பார். சரியில்லை என்றால் கிழிக்காதே, எடுத்துக்கொண்டு நேரில் வந்து சொல். மேசை பழைய இடத்தில்தான் இருக்கிறது.

அக்கா