தமஸ்கு தெருவுக்கு நீங்கள் வைத்த முடிவு

மதினி,

இன்று சாயங்காலம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் தங்கை ரோசம்மாள், அவளுடைய மாமியார், குவைத்திலிருந்து லீவில் வந்திருக்கும் தெரசா. என் வீட்டுக்காரர் உப்பளத்திலிருந்து திரும்பியிருக்கவில்லை. வீட்டுக் கணக்கிலும் சரி, பேச்சிலும் சரி, இல்லாததை இருந்ததாக எழுதும் வழக்கம் எனக்குக் கிடையாது.

தெரசா தன் கையால் அரபிக் காப்பி போட்டாள். பால் இல்லை, சீனி இல்லை, ஏலக்காயை மட்டும் அள்ளிப் போட்டாள். உங்களைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகு அந்த வாசனை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. முதலில் அழுகைதான் வந்தது. காப்பி ஆறுவதற்குள் கோபம் வந்துவிட்டது.

என் அண்ணன் இறந்த பிறகு நீங்கள் குவைத்துக்குப் போனீர்கள். அரபி வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, அவர்கள் வீட்டு டெலிவிஷனைக் கேட்டுக் கேட்டு அந்தப் பாஷையையும் பிடித்துக்கொண்டீர்கள். கடைசியாக நீங்கள் லீவில் வந்தபோது மதராசிலேயே டெலிவிஷன் புதுசு. தூத்துக்குடியில் நாங்கள் அந்தப் பெட்டியைக் கண்ணால் கண்டதில்லை. நீங்கள்தான் எங்களுக்குப் பெட்டி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரோசம்மாளும் அவள் மாமியாரும் வந்துவிடுவார்கள். சிரியாக்காரர்கள் எடுத்த அந்தத் தொடரை நீங்கள் நடித்தே காட்டுவீர்கள். முந்தானையைத் தலையில் போட்டால் தெருப் பெண், இடுப்பில் செருகினால் துருக்கிச் சிப்பாய்.

தமஸ்கு என்றதும் நான், "நம்ம சின்னப்பர் குதிரையில இருந்து விழுந்த ஊருல்லா, மதினி?" என்றேன். "ஆமாளா, அவரு எந்திரிச்சுப் போன பெறகும் அங்கன சனங்க இருக்காவ" என்று சிரித்தீர்கள். வேதத்தில் அப்போஸ்தலர் கதையில் மட்டும் இருந்த ஊரில் அதற்குப் பிறகு அடுப்பு எரிந்தது. முற்றத்தில் நீரூற்று உள்ள வீடுகளையும், இருட்டினால் கதவடைக்கும் தெருவையும் உங்கள் வாயால் பார்த்தோம். முதல் உலக யுத்தக் காலத்தில் துருக்கிப் பட்டாளம் தெருவின் இரண்டு முனையையும் மறித்து ஆண்களைப் பிடித்துப் போகிறது. புதிதாகக் கலியாணமான செருப்புத் தைக்கிறவனும் போகிறான். வெட்டுக்கிளி வயலைத் தின்கிறது, கோதுமை வியாபாரி தானியக் கிட்டங்கியைப் பூட்டுகிறான். அந்த இடத்தில் ரோசம்மாளின் மாமியார் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும்.

"அந்த யாவாரி நம்ம ரேஷன் கடைக்காரனுக்குச் சித்தப்பனா இருப்பாம் போலுக்கே!"

எல்லாரும் சிரித்தோம். ரோசம்மாள் சிரிக்கவில்லை. அவள் புருஷன் சவேரி போன தோணி, கொழும்புக்குச் சரக்கேற்றிப் போனது, போய்ச் சேரவேயில்லை. நீங்கள் ஊருக்கு வருமுன்பே நடந்தது அது. ஆளும் இல்லை, பலகையும் இல்லை.

உடல் கிடைக்காதவனுக்கு நம் கோயிலில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் தூம்பாவை, ஆளில்லாத சவப்பெட்டியை, கறுப்புத் துணியால் மூடி, பீடத்துக்கு முன்னால் வைத்து மரித்தோர் பூசை வைப்பார்கள். அது முடிந்தால்தான் அவன் செத்தவன், அவள் தாலியைக் கழற்றுவாள். மாமியார் அந்தப் பூசையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பெற்றவளே கேட்டார். "எம்புள்ள ஆத்துமா உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்து தவிக்கி. நான் கண்ண மூடுமுன்ன அதைக் கரையேத்திரணும்." ரோசம்மாளும் ஒரு வழியாகச் சரி என்று தலையசைத்திருந்தாள்.

அப்போதுதான் நீங்கள் கதையின் முடிவைச் சொன்னீர்கள். பிரெஞ்சுக்காரன் வந்து கொடி மாறிய பிறகு ஒரு நாள் தெருக்கதவு தட்டப்படுகிறது. ஒரு கால் நொண்டியபடி செருப்புத் தைக்கிறவன் நிற்கிறான். நீங்கள் நொண்டியே காட்டினீர்கள். ரோசம்மாள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு விம்மினாள். மறுநாள் பூசை வேண்டாம் என்றுவிட்டாள். இன்றுவரை வேண்டாம்தான். அந்த லீவு முடியுமுன் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோயிற்று.

இன்றைக்குக் காப்பி குடிக்கும்போது மாமியார்தான் தெரசாவிடம் கேட்டார், நொண்டிக்கொண்டு வந்தவனை நீயும் பார்த்தாயா என்று.

"யாரு, செருப்புக்காரனா? அவன் எங்க மாமி வந்தான்? போன கொஞ்ச நாள்லயே செத்துருவாம்லா!"

தொடரே அதுதானாம். நாவிதன் சாவுச் சேதி கொண்டுவருகிறான். தெரு முழுக்கக் கூடி, அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்கிறது. தினம் ஒரு வீட்டிலிருந்து அவளுக்குச் சூடாக ரொட்டி போகிறது. கடைசியில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. நடுத்தெருவில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்து, "எம் புருசனுக்கு என்னை அழக்கூட விடலியே" என்று கேட்கிறாள். அதோடு முடிகிறது.

நீங்கள் இதைப் பார்த்தவர்கள், மதினி! அந்தப் பெண் நின்று கேட்டதைப் பார்த்துவிட்டு வந்து, என் தங்கைக்கு எதிரில் உட்கார்ந்து, செத்தவனை நொண்ட வைத்திருக்கிறீர்கள். "அவியளும் நம்மள மாதிரிதாம்ளா" என்று வாய்க்கு வாய் சொல்வீர்கள். நீங்களும் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டீர்கள். யாரைக் கேட்டு அந்த ரொட்டியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள்? இரக்கமாம்! ஒருத்திக்கு இரங்கி இன்னொருத்தியைத் தவிக்கவிட்டீர்களே, பிள்ளையைப் பறிகொடுத்தவள் அதே பாயில்தானே இருந்தாள்? உங்களுக்காக நான் சொல்லும் ஜெபமாலைகூட இன்றைக்குப் பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவு கோபம்.

உண்மை தெரிந்தால் ரோசம்மாள் மனம் மாறுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

"மதினி சும்மா மாத்த மாட்டாவ. பம்பாய் வரைக்கும் கப்பல்லதான வந்தாவ? கப்பல்ல நம்ம கரை ஆளுவ எத்தன பேரு! அவிய யாரும் சொல்லி, இவரு எங்கனயோ கரையேறுனது தெரிஞ்சிருக்கும். நேராச் சொல்லத் தோதில்லாம கதையில வச்சுச் சொல்லியிருக்காவ."

"ஏளா, கிறுக்கி! ஒன் மொகத்தைப் பாக்க மாட்டாம சொன்ன பொய்யிளா அது!" என்று கத்தினேன்.

"ஒங்கிட்ட அப்படின்னு சொன்னாவளா?"

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "கப்பல்ல யாரு சொன்னா, அதை ஒம் மதினிக்கிட்ட கேட்டுச் சொல்லு தாயி" என்று என்னைத்தான் கேட்டார். அந்தக் கிழவிக்கும் இப்போது ஆசை வந்துவிட்டது, மதினி. மகன் உயிரோடு இருக்கட்டும் என்கிறதா, ஆத்துமா கரையேறட்டும் என்கிறதா என்று தெரியாமல் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். இரண்டடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. பூசை வேண்டுமா வேண்டாமா என்று பங்குச்சாமி இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்பார். எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கப்பலில் சவேரியைப் பற்றி யாராவது உங்களிடம் ஏதாவது சொன்னார்களா, இல்லையா? ஒரு வார்த்தை போதும். கனவிலாவது வந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.