வாப்பா உதவி தேடும் நோயாளி

வத்தேகம,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பஸ்லினாவுக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நீயும் மருமகன் இப்திகாரும் சின்னவனும் தோஹாவில் சுகமாக இருப்பீர்கள் என்றே நம்புகிறேன். இங்கே நான் சுகம். வாப்பாவின் சுகத்தை ஒரே வரியில் எழுதி முடிக்க முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே, ஆனால் பயந்துவிடாதே, மனுஷன் காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு, சொதியில் உப்புக் குறைவு என்று குறையும் சொல்லிவிட்டுத்தான் கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். தினமும் போனில் பேசுகிற உம்மாவுக்கு இப்போது என்ன கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் எதைப் பேச முடிகிறது, அவர் கடையில் இருக்கும் நேரம் நீ வேலையில் இருக்கிறாய், மற்ற நேரம் உன் குரல் கேட்டதும் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், வொட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் பேரனின் படம் பார்க்க என் போனைத்தான் எடுக்கிறார். அதனால் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை தோஹாவுக்குத் திரும்பிப் போகும் அடுத்த வீட்டு ஸிபானின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், கூடவே கறித்தூளும் நான் கிண்டிய தொதலும் இருக்கிறது, தொதலை அவன் வழியில் தொடாமல் இருந்தால் உங்களுக்குக் கிடைக்கும்.

இங்கே மழை விட்டபாடில்லை, துவைத்த உடுப்பு எதுவும் காய்வதில்லை, வீடு முழுக்க ஈர வாடை. வாப்பாவுக்கு மட்டும் மழை மேல் கோபமில்லை, நம் கடையில் குடை நன்றாகப் போகிறதல்லவா, போன வாரம் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சம்பளம் எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் வாங்கிப் போனார்கள். நீ நட்டுவிட்டுப் போன கொய்யாவில் இந்த முறை நல்ல காய், ஆனால் பழுப்பதற்குள் அணில் முந்திவிடுகிறது. சரி, சுற்றி வளைத்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வாப்பாவைக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டிவிட்டு உனக்கு வயிற்றில் காஸ் என்று சொன்னோமே, அது காஸ் இல்லை மகள். நெஞ்சுக்கு இரத்தம் போகும் குழாய்களில் மூன்று அடைத்துக்கொண்டிருக்கிறதாம், பைபாஸ் செய்தே ஆக வேண்டுமாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறோம், ஆனால் அவருக்கு முன்னால் வரிசையில் நிறையப் பேர், இவருடைய நெஞ்சு அவ்வளவு காலம் பொறுக்காது, எப்படியாவது தனியார் ஆஸ்பத்திரியில் சீக்கிரம் செய்துவிடுங்கள் என்று டொக்டரே சொல்லிவிட்டார். செலவு எவ்வளவு என்று கேட்டதும் வாப்பா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார். "இதப் பத்தி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லப்படாது. பஸ்லினாவுக்குச் சொன்னா நான் ஒபரேஷனுக்கே போக மாட்டேன்" என்றார்.

நீங்கள் இப்போதுதான் வீடு கட்ட லோன் எடுத்திருக்கிறீர்கள், அது அவர் மனதில் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வரும்போது, நோயாளிகளுக்கு உதவி கேட்டுப் பள்ளி வாசலில் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிப்பார்களே, உனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் துணியின் ஒரு மூலை உன் வாப்பாவின் கையில்தான். பிடிக்கிறவருக்கு அது யாருக்காக என்று தெரியக் கூடாது என்பது அவர் வைத்திருக்கும் சட்டம். பெயர் தெரிந்துவிட்டால் பிறகு அந்த ஆளைக் கடைத்தெருவில் காணும்போதெல்லாம் நாம் கொடுத்தது ஞாபகத்துக்கு வரும், அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பார். அப்படிப்பட்டவரிடம் போய், உங்களுக்காக ஊரில் கேட்கலாமா என்று எந்த வாயால் கேட்பது. ஒரு முறை தொடங்கிப் பார்த்தேன், அன்று இரவு சாப்பாடே வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

நானும் எத்தனை நாள்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது. என் கூட்டாளி சித்தி றலியாவிடம் போய் அழுதேன். அவள் வாயில் ஒன்றும் தங்காது என்று தெரியாமல் போகவில்லை, தெரிந்துதான் போனேன், அவளைக் கட்டிய மாப்பிள்ளை பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறார் அல்லவா. அடுத்த நாளே வாப்பா கடையில் இருக்கும் நேரம் பார்த்து அவர்களும் மௌலவியும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இவர் ஊருக்குச் செய்தது போதும், இனி ஊர் செய்யட்டும் என்றார்கள். பெயர் வெளியே வந்தால் மனுஷன் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டார் என்று நான் சொன்னேன். அதற்கு மௌலவி, பெயர் சொல்லாமல் அறிவிப்போம், ஆனால் பொய் சொல்ல மாட்டேன், அவராக வந்து யார் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்றார். அவர் கேட்க மாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கைகால் ஓடவில்லை. எப்படியும் கண்டுபிடித்துவிடுவார், வீட்டுக்கு வந்து சட்டிபானையெல்லாம் பறக்கும் என்று நினைத்துக்கொண்டு சோற்றை இரண்டு முறை கிளறி அடியும் பிடிக்க விட்டுவிட்டேன். வந்தார், வாசலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார், நானும் அகப்பையோடு போய் நின்றேன். ஊரில் ஒரு ஆளுக்கு நெஞ்சில் ஒபரேஷனாம், காசில்லாமல் நிற்கிறானாம், நாம் ஒன்றும் தெரியாமல் மூன்று வேளையும் தின்றுவிட்டு இருக்கிறோம் என்று எனக்கு ஏச்சு. சட்டைப் பையில் தன் மருந்துக் குளிசைக்கென்று வைத்திருந்த காசை அப்படியே துணியில் போட்டுவிட்டாராம். துணியின் மூலையையும் வழக்கம் போல அவரே பிடித்திருக்கிறார் மகள், மற்ற மூலையைப் பிடித்த சித்தி றலியாவின் மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லையாம், ஊரே இவருக்கு முன்னால் வரிசையாக வந்து இவருக்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறது. உங்களுக்கும் அதே நெஞ்சு வருத்தம்தானே என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கென்ன குல்சும், கடை ஈக்கி, நீ ஈக்கிற. அந்த ஆளுக்கு யார் ஈக்கிறாங்களோ" என்றார். நான் அகப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை, இரண்டும்தான்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. துணியில் விழுந்தது போதாது என்று இப்போது கடைத்தெருவில் கடை கடையாக ஏறுகிறார். சித்தி றலியாவின் புண்ணியத்தில் எல்லாருக்கும் விஷயம் தெரியும், பேக்கரி முதலாளிக்குத் தெரியும், பார்மசியில் நிற்கும் பிள்ளைக்குத் தெரியும், ஒருத்தர் கூட முகத்தில் காட்டிக்கொள்வதில்லை. பலசரக்குக் கடை அழகர் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, ஒரு மனுஷனுடைய உயிர் அழகர், இவ்வளவுதானா என்று இவர் சண்டை பிடித்திருக்கிறார். அழகர் உள்ளே போய் இன்னும் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பாவம், அந்தக் கடையில் மிளகாய்த்தூள் நெடி, கண்ணில் தண்ணீராக வடிகிறது, அந்த மனுஷனும் கண்ணை யாரிடமாவது காட்டினால் நல்லது என்று வாப்பா வந்து எனக்குச் சொல்கிறார். தெரிந்துகொண்டே நடிக்கிறாரோ என்று உனக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அவருக்கு நடிக்க வராது, பெருநாளைக்கு எனக்குச் சாரி வாங்கி ஒளித்துவைத்தால் அன்றைக்கே அலுமாரிப் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிற ஆள் அவர்.

இதைக் கேள். அந்த நோயாளி எதிர்க் கடைத் தையல்காரர் ரஸீன்தான் என்று தானாகவே முடிவு செய்துவிட்டார், பெயர் கேட்பதுதான் கூடாதாம், ஊகிப்பதில் குற்றமில்லையாம். ரஸீனுக்கு உடம்பு கல் மாதிரி இருக்கிறது. இவருடைய பார்வை தன் மேல் விழுவதைக் கண்டுகொண்டு ரஸீனும் நான் நோயாளி இல்லை என்று சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை, சும்மா நெஞ்சைத் தடவி இருமிக்கொள்கிறாராம். மாலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வீட்டுக்கு மேட்டில் ஏறி வருகிறார்கள். முன்பெல்லாம் இந்த மனுஷன் மூச்சிரைக்க இரைக்க ஒரே மூச்சில் ஏறி வருவார், சொன்னால் கேட்க மாட்டார். இப்போது வழியில் ரஸீன் நின்று, ஏலாது நாநா, கொஞ்சம் இருந்துட்டுப் போவோம் என்று மதகில் உட்கார்ந்துவிடுகிறார், வாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குப் புத்தி சொல்கிறார். ரஸீனுக்குத் துணையாக என்று சொல்லி வாப்பா தேத்தண்ணீருக்குச் சீனியை விட்டுவிட்டார், பொரியலையும் விட்டுவிட்டார். முப்பது வருஷமாக நான் சொல்லி நடக்காதது ரஸீனின் பொய் இருமலில் நடக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, இந்த நாட்களில் வீட்டில் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. காலையில் ஒரு வேலையோடு எழுந்து போகிறார், முகத்திலும் தெளிவு இருக்கிறது. உன் வாப்பா எப்படிப்பட்ட மனுஷன் என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் இவ்வளவு தெரிந்திருக்கிறது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தேவையானதில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று மௌலவி சொல்லி அனுப்பினார். முழுவதும் சேர்ந்ததும் அவரே வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறார், அதற்கு மேல் மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது. அன்றைக்கு வாப்பா வேண்டாம் என்று எழுந்து போய்விட்டால் என்ன செய்வேன் என்பதுதான் என் ஒரே பயம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்த நீள வரிசையில் போய் நிற்கக் கூடியவர் அவர். எனக்கு அவர் வேண்டும் மகள். இதை இந்த வயதில் பிள்ளைக்கு எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா உனக்குப் போன் எடுப்பார். தன் பிள்ளையிடம் ஒரு நாளும் கை நீட்டாதவர், ஊரில் ஒரு ஏழை நோயாளிக்கு உதவி செய் என்று உன்னிடம் கேட்கப் போகிறார், என்ன சொல்லிக் கேட்பது என்று இரண்டு நாளாக என்னிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்திகாரோடு பேசி உங்களால் முடிந்ததை அந்த நோயாளிக்கென்றே சொல்லிப் பள்ளிக் கணக்குக்கு அனுப்பு, லோனுக்குக் கட்டுவதில் கை வைக்காதே. ஆனால் அவர் கேட்டதும் உடனே சரி என்று சொல்லிவிடாதே. அந்த ஆள் ரோஷக்காரனாக இருந்து, ஊர்க்காசு எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் வாப்பா என்று கேள். அழுதுவிடாமல் கேள். அவருக்குக் கோபம் வரும், நிறையச் சொல்வார், சொல்லவிடு. ஒரு சொல் தவறாமல் மனதில் வைத்துக்கொள். மௌலவி வீட்டுக்கு வருகிற அன்றைக்கு உனக்குப் போன் எடுத்து அவர் காதில் வைப்பேன். எங்கள் பேச்சை அவர் கேட்க மாட்டார். அவர் உன்னிடம் சொன்னதை நீ அவருக்கே சொல்ல வேண்டும்.

உங்கள் மூன்று பேருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தையும் பரக்கத்தையும் தரட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகத் துஆ செய்கிறேன், நீங்களும் வாப்பாவுக்காகச் செய்யுங்கள். சின்னவனுக்கு ஏசியில் நெஞ்சுச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். கடிதத்தை வாசித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் மறந்துவிடாதே.

உன் அன்புள்ள உம்மா,
உம்மு குல்சும் சாஹுல் ஹமீது