கிருமி வளர்க்கிறவள்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஆறே காலுக்கு அடுப்பு பற்றியது. நல்ல நீலச் சுடர். நோயாளிகளுக்கான பால் நாற்பது லிட்டரும் இன்று இதிலேயே காய்ந்தது. தலைமைச் சமையல்காரர் எதையும் லேசில் மெச்சுகிற ஆள் இல்லை. "பரவால்லயே" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

பத்தொன்பது வருஷம் இந்த ஆஸ்பத்திரி வார்டுகளைக் கழுவித் துடைத்து, கிருமியைக் கொன்று சம்பளம் வாங்கியவள் நான். முழங்கால் மாடிப்படி ஏற மறுத்ததும், சமையலறைக்குப் பின்னால் இருக்கும் எரிவாயுத் தொட்டிக்கு மாற்றிவிட்டார்கள். காய்த்தோல், தட்டில் ஒதுக்கிய மிச்சம் எல்லாவற்றையும் அரைத்து, தண்ணீர் கலந்து, தினம் ஆறு வாளி ஊற்றுகிறேன். காற்றுப் புகாத அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் அதைத் தின்று எரிவாயுவாக விடுகின்றன. தொட்டியின் இரும்பு மூடி மெல்ல மேலே எழும்புகிறது. கழியும் கரைசல் தோட்டத்துக்குப் போகிறது, தோட்டத்துக் காய் சமையலறைக்கு வருகிறது, அதன் தோல் மறுபடி என்னிடம் வருகிறது.

இந்தக் கட்டடத்தில் கிருமி வளர்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான் ஒருத்திதான். வீட்டுக்காரர் இதைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

கண்காணிப்பாளர் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். வண்டி நிறுத்த இடம் போதவில்லையாம். தொட்டியை மூடிவிடலாமா என்று நிர்வாகக் குழு யோசிக்கிறதாம். பதினேழாம் தேதி நேரில் பார்க்க வருகிறார்கள். அடுப்பு ஒழுங்காக எரிந்தால் தொட்டி இருக்கும். இல்லாவிட்டால் மண்ணைக் கொட்டி மூடிவிடுவார்கள், நான் திரும்ப மூன்றாம் மாடி வார்டுக்கு. என் முழங்காலைக் கேட்டுப் பார்த்தேன். அதற்குச் சம்மதமில்லை.

ஜூன் 14, சனி

வருகிறவர்கள் மூக்கைப் பிடிக்கக் கூடாது என்று இன்று பூராவும் சுத்தம் செய்தேன். அரைக்கும் இயந்திரம், வாளிகள், ஊற்றும் வாய், அதைச் சுற்றிய தளம் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. பழைய நாள் போல இருந்தது. கை இன்னும் மறக்கவில்லை. இடுப்புதான் விட்டுப்போயிற்று.

ஜூன் 16, திங்கள்

மூடி ஒரு முழம் இறங்கியிருக்கிறது. ஏன்?

ஜூன் 17, செவ்வாய்

மானம் போயிற்று. குழு வந்து நின்ற நேரத்தில் அடுப்பு இரண்டு தரம் இருமிவிட்டு அணைந்தது. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர் சமையல்காரரிடம், தொட்டிக்கு ஆகாத எலுமிச்சைத் தோலும் எண்ணெயும் கொட்டினீரா என்று கேட்டார். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஜூலை முப்பத்தொன்று வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

மூலையில் இரண்டு காலி கேன்கள். ஐந்து லிட்டர் கேன். கிருமிநாசினி.

ஐயோ, நான்தானே ஊத்தினேன். சனிக்கிழமை. தேய்ச்சுத் தேய்ச்சு, அப்படியே குழாயைத் திறந்து ஊத்துற வாய்க்குள்ளயே தள்ளிவிட்டேனே. உள்ளே இருக்கிறதுக்கும் இதுக்கும் ஆகாதுன்னு ஒரு நிமிஷம் தோணலையே. வார்டுன்னு நெனச்சுதா இந்தக் கை? தெனம் சோறு போட்டு வளர்த்ததை நானே கொன்னுட்டேன் —

யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

சமையல்காரரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அவர் காகிதத்தை வைத்துக்கொண்டு, என்ன எழுதுவது என்று என்னிடமே வந்து கேட்டார். இரண்டு நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போய் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்டார். ரெண்டு கேன் என்றேன்.

"வார்டுல ஒரு நாளும் இவ்வளவு தாராளமா ஊத்தினதில்லையேம்மா நீங்க."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சமையல்காரர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதது நியாயம்தான்.

ஜூன் 21, சனி

டாக்டர் சொன்ன வழி: தொட்டியைப் பாதிக்கு மேல் இறைத்துவிட்டுத் தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு, நன்றாக ஓடும் வேறொரு தொட்டியின் கரைசலைக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி. சாணத்தொட்டி என்றால் உத்தமமாம்.

எனக்குத் தெரிந்து சாணத்தொட்டி இருக்கிற ஒரே இடம் நாத்தனார் வீடு. எட்டு மாடு வைத்திருக்கிறாள். ஒன்றரை வருஷமாக எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. காரணம் நான். அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியை, அவள் வாசல் தாண்டுவதற்குள் பினாயில் போட்டுத் துடைத்தேன். திரும்பிப் பார்த்துவிட்டாள்.

வீட்டுக்காரரைத் தூது போகச் சொன்னேன். "நீயே போய்க் கேளு. நான் நடுவுல வரல."

ஜூன் 22, ஞாயிறு

போனேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"இது சாணித் தண்ணிதான் அண்ணி. தொடைக்கத் துணி கொண்டு வந்திருக்கீங்களா?"

சுருக்கென்றது. தப்பு என்மேலதான், மனசுல வச்சுக்காதே என்றேன். இதை அன்றே சொல்லியிருக்கலாம். அவள் உள்ளே போய்ப் பால் கேன்களை எடுத்து வந்தாள். இருபது கேன், அவளே மொண்டு ஊற்றித் தன் பால் வண்டியில் ஏற்றினாள். வீட்டுக்கு வா என்றேன். பார்க்கலாம் என்றாள்.

ஜூன் 23, திங்கள்

இறைத்து, நிரப்பி, உறையும் ஊற்றியாயிற்று. இனி தினம் அரை வாளிதான். பட்டினி கிடந்து எழுந்தவர்களுக்கு விருந்து வைக்கக் கூடாதல்லவா?

ஜூலை 2, புதன்

ஒன்றுமில்லை.

ஜூலை 5, சனி

குமிழி! காதை வைத்துக் கேட்டேன். தோட்டக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 16, புதன்

மூடி ஒரு சாண் எழும்பியிருக்கிறது. இரண்டு வாளியாக்கினேன். சமையல்காரர் இன்று மிச்சத்தைத் தானே கொண்டுவந்தார். எலுமிச்சைத் தோலெல்லாம் தனிப் பையில். "இதை உங்க புள்ளைங்களுக்குப் போடாதீங்க" என்றார். ஒரு மாதத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை.

ஜூலை 31, வியாழன்

குழுவுக்கான தேநீர் நம் அடுப்பில். மூவரும் இரண்டாம் தரம் வாங்கிக் குடித்தார்கள். வண்டிகளை மதிலோரம் நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள்.

நாத்தனாருக்குப் போன் செய்து சொன்னேன். சரி அண்ணி என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 12, புதன்

விடுமுறை எடுத்து வீட்டில் காலை நீட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் பால் வண்டி. நாத்தனார்.

மாடுகளுக்கு மடிநோயாம். எட்டுக்கும் ஊசி போட்டிருக்கிறார்கள். அந்தச் சாணத்தையே யோசிக்காமல் தொட்டியில் போட்டிருக்கிறாள். மருந்து மாட்டின் கிருமியோடு நிற்குமா? தொட்டியும் அடங்கிவிட்டது. வாசற்படியிலேயே நின்று, புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"கொஞ்சம் கிருமி குடுங்க அண்ணி."

டாக்டரிடம் போனில் அனுமதி வாங்கினேன். இருவரும் ஆஸ்பத்திரித் தொட்டிக்குப் போய், இருபது கேன், இந்த முறை நான் மொண்டு ஊற்றினேன். திரும்புகிற வழியில் அவளாகவே வண்டியை எங்கள் வீட்டில் நிறுத்தி உள்ளே வந்தாள். கரைசல் தெறித்த புடவையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, ஒரு மணி நேரம் தன் அண்ணனை வாரிவிட்டுப் போனாள்.

நாற்காலியில் பச்சையாய் ஈரம் அப்படியே இருக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.