நீ வெட்டிப் போட்ட கார்டு

என் வீட்டு நிதியமைச்சருக்கு,

உன் முட்டிவலி, அம்மாவோட இருமல், சின்னவளோட ஆடுற பல்லு எல்லாம் எப்படி இருக்கு? நான் சௌக்கியம். வெல்டிங் பட்டறையில வேலைக்கும் குறைச்சல் இல்ல.

போன லீவுல என் ரெண்டு கிரெடிட் கார்டையும் கத்தரிக்கோலால வெட்டிப் போட்டியே, அதோட கணக்கும் முடிஞ்சுதுன்னுதானே ரெண்டு பேரும் இருந்தோம்? முடியலையாம்! பேங்க்ல போய்க் கேட்டேன், அங்க வேலை பாக்கற அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "ரெண்டுல பழைய கார்டுக்குக் கட்டணம் கிடையாது, மூடாதீங்க. கெட்டுப்போன உங்க கிரெடிட் ஸ்கோர், அதான் கடனை ஒழுங்கா கட்டறதுக்கான மார்க்கு, இப்பத்தான் ஏறுது. பழைய கணக்கு இருந்தா அதுக்கு நல்லது. அப்பப்போ சின்னதா ஏதாவது வாங்கி, முழுசா கட்டிடுங்க"ன்னாங்க.

வருஷக் கட்டணம் பிடுங்கற இன்னொரு கார்டை மூடிட்டேன். பழைய கணக்குக்குப் புது கார்டு வந்தாச்சு. கத்தரிக்கோலைத் தேடாதே, மறுபடி கடன்ல விழ மாட்டேன். அதுல மாசாமாசம் என்ன வாங்கணும்னு நீயே எழுது.

ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்குது, ஓடறேன். இந்த மாசம் தலைவலித் தைலம் வாங்கினேன். நல்ல தைலம்தான். தேய்ச்சுவிடத்தான் ஆளில்ல.

கத்தரிக்கோலுக்குப் பயந்த
உன் வீட்டுக்காரன்