ராணிக்கு நான் சொன்ன இரண்டு கட்டளைகள்

சனிக்கிழமை, தை 18

காலையில் கொள்ளிடக் கரையில் குதிரை ஏறினேன். அக்கா மகள் வைதேகி நாளைக்கு முதல்முறையாக ஏறப்போகிறாள். அவள் பயம் தெளியட்டும் என்று இந்த மாமாவின் முன்னோட்டம். ராணி என்கிற அந்தக் குதிரை மலைக்கோட்டையைவிட அரையடிதான் குட்டை. உட்கார்ந்ததுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. முப்பது வருஷம் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பழக்கத்தில், பெட்ரோல் டேங்கை இறுக்குகிற மாதிரி முழங்காலால் இறுக்கினேன். பறந்தது. கடிவாளத்தை இழுத்தேன். தலையை உதறிவிட்டு இன்னும் பறந்தது. ஸ்ரீரங்கம் தீவே என் காலடியில் ஓடியது.

துரத்தி வந்து நிறுத்திய குதிரையேற்ற மாஸ்டர் காதர் பாய் காதோடு சொன்னார்: "காலால ஓடுங்கிறீங்க, கையால நில்லுங்கிறீங்க. அது எதைத்தான் கேக்கும் சார்? பயந்தா மொதல்ல காலைத் தளர்த்துங்க."

தூரத்தில் நின்ற வைதேகிக்கு இது கேட்கவில்லை. "வேணும்னேவா ஓட்டினீங்க, மாமா?"

"பின்னே? நான் ஓடுன்னேன், ஓடிச்சு!" அதோடு விட்டேனா? "பயமா இருந்தா காலால இறுக்கிக்கோ, மாமா மாதிரி" என்று பாடம் வேறு.

இப்போது எட்டிப் பார்த்தேன். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை இடுக்கிக்கொண்டு தூங்குகிறாள். பயிற்சியாம். ஆறு மணிக்கு வகுப்பு. மாமா பயந்துபோனேன், உன்னிடம் பொய் சொன்னேன் என்று சொல்லியாக வேண்டும். விடிந்தால் மறுபடி வாய்ச்சவடால் வந்துவிடும். இப்போதே எழுப்பப் போகிறேன். குதிரை மேல்கூட இவ்வளவு பயமில்லை.